கொட்டாரம் முதல் கொள்முதல் கோப்பு வரை: திருவரங்கம், திருச்சிராப்பள்ளி நிறுவனங்களில் கழிவின் நிர்வாக வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கல்வி வளாகங்களின் கழிவு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் குப்பைத்தொட்டியிலிருந்து தொடங்குகின்றன. கழிவின் அளவும் தன்மையும் பொருள் வாங்கப்படும் இடத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். திருவரங்கம் கோயிலின் பண்டகசாலை மரபு, 1866-க்குப் பிந்தைய நகராட்சி நிர்வாகம், 1964-க்குப் பின் நகருக்கு வெளியே எழுந்த உயர்கல்வி வளாகங்கள் ஆகியவற்றின் வழியே, கொள்முதலும் கழிவகற்றலும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிந்துபோன வரலாற்றை இது ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திருவரங்கம், கோயிலொழுகு, நகராட்சி, அரியமங்கலம், ஒப்பந்தப்புள்ளி, இருப்புப் பதிவேடு, வளாகக் கழிவு

முன்னுரை

இரு நாள் கருத்தரங்கு ஒன்றில் இருநூறு பேர் கலந்துகொள்வதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு இருமுறை தேநீர் வழங்கினால் எண்ணூறு குவளைகள் தேவைப்படும். அவை மெழுகு போன்ற ஞெகிழிப் பூச்சுடைய காகிதக் குவளைகளாயின், 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அவற்றின் உற்பத்தியும் விற்பனையும் பயன்பாடும் தடைசெய்யப்பட்டவை. ஆயினும் பற்றுச்சீட்டில் 'தேநீர்ச் செலவு' என்ற ஒற்றை வரிக்குள் அவை மறைந்துவிடுகின்றன. நிதியலுவலர் அவ்வரியைச் செலவாகவே காண்கிறார்; கழிவாகக் காண்பதற்கு அவருடைய படிவத்தில் இடமில்லை. மாலையில் அவற்றைக் கூட்டி எடுக்கும் தூய்மைப் பணியாளருக்கோ அந்தப் பற்றுச்சீட்டைப் பற்றி எதுவும் தெரியாது.

வாங்குவோரும் அகற்றுவோரும் ஒருவரையொருவர் அறியாத இந்நிலை இயல்பானதன்று. அது ஒரு குறிப்பிட்ட நிர்வாக வரலாற்றின் விளைவு. திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும் அவ்வரலாற்றைப் பயில்வதற்கு வாய்ப்பான இடங்கள். பெரும் நிறுவனமாக இயங்கிய கோயிலின் கல்வெட்டுச் சான்றுகளும், தமிழகத்தின் பழைய நகராட்சிகளுள் இரண்டும், மாநில, மத்திய அரசுகளின் உயர்கல்வி வளாகங்களும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பது அரிது.

கோயிற் பண்டகசாலையும் அளவு மரபும்

திருவரங்கம் கோயிலின் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இருபத்து நான்காம் தொகுதியாக 1982-இல் வெளிவந்தன. தென்னிந்தியக் கோயில்களின் அமுதுபடிக் கொடைகளைப் படிப்போர் அவற்றில் காணும் பொதுப்பண்பு, தேவையை முன்கூட்டியே அளந்து வைக்கும் முறை. அரிசி இத்தனை நாழி, நெய் இத்தனை உழக்கு, பாக்கும் வெற்றிலையும் இத்தனை என்று பொருளும் அளவும் நிறுத்தப்படுகின்றன. அப்பொருள் எந்த நிலத்தின் விளைவிலிருந்து அல்லது எந்த முதலின் பலிசையிலிருந்து வரவேண்டும் என்பதும் பல இடங்களில் குறிக்கப்படுகிறது. படைத்த அமுது யார் யாருக்கு எவ்வளவு உரியது என்ற பங்கீடும் சேர்ந்தே வருவதுண்டு. இன்றைய நிர்வாகச் சொல்லில் கூறுவதாயின், தேவை மதிப்பீடு, கொள்முதல் மூலம், நுகர்வோர் ஆகிய மூன்றும் ஒரே ஆவணத்தில் பதிவாயின.

கோயிலொழுகு இந்நிர்வாகத்தின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. பல காலங்களில் பலரால் எழுதிச் சேர்க்கப்பட்ட அந்நூலில் புராணமும் நிகழ்வும் கலந்திருப்பதால் அதனை நேரடிச் சான்றாகக் கொள்ள இயலாது. 1961-இல் அதன் ஆங்கில வடிவத்தை வரலாற்றுக் குறிப்புகளுடன் வெளியிட்ட வி. ந. ஹரிராவ் இதனை நன்கு உணர்ந்தே கல்வெட்டுகளுடன் ஒப்பிட்டுச் சென்றார். உடையவர் எனப்படும் இராமாநுசர், ஐந்து கொத்தாக இருந்த கோயிற் பணியாளரைப் பத்துக்கொத்தாக விரித்து ஒவ்வொருவர் கடமையையும் வரையறுத்தார் என்பது அந்நூல் தரும் செய்தி. பண்டகசாலைப் பொறுப்பு, மடைப்பள்ளிப் பொறுப்பு, படைத்ததைப் பகிரும் பொறுப்பு ஆகியவை தனித்தனியாக இருந்தும் ஒன்றையொன்று கண்காணிக்கும் வகையில் அமைந்தன. கோயிலில் இன்றும் காணப்படும், நாயக்கர் காலத்தவையாகக் கருதப்பெறும் பெரிய செங்கல் நெற்களஞ்சியங்கள், திருக்கொட்டாரம் என்ற அமைப்பு எத்துணைப் பெரிய இருப்பைக் கையாண்டது என்பதை உணர்த்துவன.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 'நம் முன்னோர் கழிவே இன்றி வாழ்ந்தனர்' என்னும் கூற்று அண்மைக்காலச் சூழலியல் கட்டுரைகளில் மிகுதியாக இடம்பெறுகிறது. கோயிலின் அளவு ஒழுங்கு சூழலறத்திலிருந்து பிறந்தது என்பதற்குச் சான்றில்லை. உரிமைப் பங்கு பற்றிய வழக்குகளைத் தவிர்ப்பதும், கொடையாளியின் முதல் சிதையாமல் காப்பதுமே அதன் நோக்கங்கள். மண்பாண்டமும் வாழையிலையும் தென்னங்கீற்றும் மக்கக்கூடியவை என்பது உண்மையே. ஆனால் அவற்றைத் தெருவிலிருந்து அள்ளிச் சென்றவர் யார் என்ற வினாவுக்குக் கொடைக் கல்வெட்டுகளில் விடை தேடுவது எளிதன்று. பொருள் உள்ளே வந்த வழி நாழிக் கணக்கில் கல்லில் பொறிக்கப்பட்டது. வெளியே சென்ற வழியோ சாதியின் பெயரால் சிலர்மீது சுமத்தப்பட்டு எழுத்துக்கு அப்பாற்பட்டு நின்றது. உலர்கழிப்பிடங்களை மனிதர் கையால் துப்புரவு செய்யும் கொடுமைக்கு எதிராக 1993-இலும் மீண்டும் 2013-இலும் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதை மனத்திற்கொண்டே பழைய நகரத்தின் தூய்மையைப் பேசவேண்டும்.

நகராட்சியும் வாயிற்கதவும்

1865-ஆம் ஆண்டின் சென்னை நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் 1866-இல் திருச்சிராப்பள்ளி நகராட்சி அமைந்தது. திருவரங்கம் 1871-இல் தனி நகராட்சியாயிற்று. விழாக்காலங்களில் பல்லாயிரவர் திரளும் தலங்களில் வாந்திபேதி பரவுவது பற்றிய அச்சம் அக்காலச் சுகாதார நிர்வாகத்தை இயக்கிய பெரும் ஆற்றல். வைகுண்ட ஏகாதசிக்குப் பெயர்பெற்ற தீவு நகருக்கு அது முற்றிலும் பொருந்தும்.

நகராட்சி முறை கழிவைப் பற்றிய பார்வையை அடியோடு மாற்றியது. குப்பை அகற்றல் வரிக்கு ஈடான பொதுப்பணியாயிற்று. வீடோ சத்திரமோ கல்லூரியோ எதுவாயினும், கழிவை வாயிலுக்கு வெளியே வைத்துவிட்டால் அதன் பொறுப்பு முடிந்தது. அதற்கப்பால் நகராட்சியின் வண்டி. 1884, 1920 ஆகிய ஆண்டுகளின் மாவட்ட நகராட்சிச் சட்டங்களும் இவ்வடிப்படையையே பின்பற்றின. நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரி, 1919-இல் கல்லூரியான தேசியக் கல்லூரி, 1923-இல் தோன்றிய ஹோலி கிராஸ் கல்லூரி ஆகியவை இந்நகராட்சிக் காலத்தில் எழுந்தவை.

அக்காலத்து முறை ஓரளவு வெற்றிபெற்றதற்குக் காரணம் நிர்வாகத் திறன் என்பதைவிடக் குப்பையின் இயல்பே எனலாம். சாம்பல், இலை, சாணம், காய்கறித் தோல் ஆகியவற்றாலான குப்பைக்கு வேளாண் நிலத்தில் விலை இருந்தது. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் உருவாக்கி 1931-இல் நூலாக வெளியிட்ட மட்குரமுறை, பின்னர் பெங்களூரில் ஆச்சார்யா வகுத்த நகரக் குப்பை உரமுறை ஆகியன இந்தச் சந்தையை அறிவியல் அடிப்படையில் விரிவாக்க முயன்றவை. விடுதிச் சமையற்கூடத்தின் கழுநீரும் எச்சிலிலையும் மாடு வளர்ப்போரிடம் சென்றன. குப்பையில் ஞெகிழியும் கண்ணாடித் துண்டும் மருந்துக் குப்பியும் கலக்கத் தொடங்கியதும் உழவர் விலகினர். வாங்குவார் இன்றிப்போன குப்பை தேங்கத் தொடங்கியது.

அரியமங்கலம் அத்தேக்கத்தின் பெயர். தஞ்சைச் சாலையை ஒட்டி ஏறத்தாழ 47 ஏக்கரில் பரந்த இக்கிடங்கில் 1960-களின் பிற்பகுதியிலிருந்து நகரின் குப்பை கொட்டப்பட்டது. 1994-இல் திருவரங்கம், பொன்மலை நகராட்சிகளை இணைத்துத் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி உருவானபோது தீவின் குப்பையும் இதே பாதையில் வந்தது. கிடங்கு தீப்பற்றி எரிவதும், புகை சூழ்வதும், சுற்றுப்புற மக்கள் போராடுவதும் ஆண்டுதோறும் நாளிதழ்ச் செய்திகளாயின. பின்னர் திறன்மிகு நகரத் திட்டத்தின்கீழ், பயோ மைனிங் எனப்படும் பிரித்தகழ்வு முறையில் பழைய குப்பையை அகற்றும் பணி தொடங்கியது. ஏழு இலட்சம் கனமீட்டருக்கு மேற்பட்ட குப்பைக்கு மதிப்பிடப்பட்ட செலவு ஏறத்தாழ 49 கோடி ரூபாய். அரை நூற்றாண்டாக நிறுவனங்களும் வீடுகளும் மலிவு என்று கருதி வாங்கிய பொருள்களின் எஞ்சிய விலை இது. வாங்கியவர் எவருடைய கணக்கிலும் அது பற்றெழுதப்படவில்லை.

இதற்கிடையில் மாநகராட்சி வேறொரு வழியையும் முயன்றது. வீடுகளிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை எனப் பிரித்துப் பெற்று, பல பகுதிகளில் அமைத்த நுண் உரம் செயலாக்க மையங்களில் உரமாக்கும் திட்டம் 2017-க்குப் பின் பரவலாயிற்று. தூய்மைக் கணக்கெடுப்பில் 2016-இல் தேசிய அளவில் மூன்றாமிடமும் 2017-இல் ஆறாமிடமும் பெற்ற நகரம் 2020-இல் 102-ஆம் இடத்துக்குச் சென்றது. இச்சரிவைக்கொண்டு நகரம் அழுக்கடைந்துவிட்டது என முடிவு செய்தல் பொருந்தாது. அளவுகோல்களும் போட்டியிடும் நகரங்களின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் மாறின. தரவரிசையைத் தூய்மையின் வரலாறாகப் படிப்போர் இதனைக் கருத்திற்கொள்ளல் நன்று.

நகருக்கு வெளியே எழுந்த வளாகங்கள்

1964-இல் தொடங்கிய மண்டலப் பொறியியல் கல்லூரி துவாக்குடிக்கு அருகே நிலைகொண்டு, 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையமாக இருந்தது 1982-இல் பாரதிதாசன் பல்கலைக்கழகமாக வளர்ந்து, புதுக்கோட்டைச் சாலையில் பல்கலைப்பேரூர் வளாகத்தில் அமைந்தது. 'பேரூர்' என்ற பெயர் இங்கு மிகவும் பொருந்துகிறது. விடுதி, உணவகம், ஆய்வகம், குடியிருப்பு, அச்சுப்பணி ஆகியவற்றைக்கொண்ட இவ்வகை வளாகங்கள் உண்மையில் சிற்றூர்களே. ஆனால் வாயிலுக்கு வெளியே காத்திருக்கும் நகராட்சி வண்டி ஊரக எல்லையில் இல்லை. 2000-ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகளும் பெயருக்கேற்ப நகராட்சி அமைப்புகளையே முதன்மைப் பொறுப்பாளராக்கின. இதனால் நகர எல்லைக்கு வெளியே எழுந்த வளாகங்கள் தமிழகமெங்கும் ஒரு தலைமுறைக் காலம் சட்டத்தின் பார்வைக்கு அப்பால் இருந்தன. குழியில் கொட்டுவதும் சருகோடு சேர்த்து எரிப்பதும் அக்காலப் பழக்கங்கள்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இந்நிலையை மாற்றின. நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் நிறுவனம் பெருங்கழிவு உருவாக்குநர் என வரையறுக்கப்பட்டது. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் அவ்வரையறையுள் அடங்குவன. 5000 சதுரமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடைய நிறுவனங்கள் கழிவைத் தோன்றுமிடத்திலேயே பிரிக்கவும், மக்கும் பகுதியை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றவும் கடமைப்பட்டன. நகராட்சி வாயிற்கதவில் முடித்துவைத்த பொறுப்பு மீண்டும் வளாகத்துக்குள் வந்தது.

இவ்விதிகளும் கழிவு தோன்றிய பின்னரே பேசத் தொடங்குகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். வாங்கும் இடத்தைத் தொட்ட முதற் பெரும் நடவடிக்கை, 2018 சூன் மாதம் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பதினான்கு வகை ஞெகிழிப் பொருள்கள்மீதான தமிழக அரசின் தடையே. 2021 திசம்பரில் தொடங்கிய மஞ்சப்பை இயக்கம் அதன் தொடர்ச்சி. உயர்கல்வி நிறுவனங்களைப் பொறுத்தவரை, தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவின் ஏழாம் அளவுகோலும் பசுமைத் தணிக்கையும் கூடுதல் அழுத்தம் தந்தன. அளவுகோல் கேட்பது பெரும்பாலும் வசதிகளுக்கான சான்றை. மண்புழு உரத்தொட்டியின் ஒளிப்படம் சான்றாகிறது. வாங்காமல் விட்ட பொருளுக்கு ஒளிப்படம் இல்லை. உச்சநீதிமன்ற ஆணையின் பயனாய் இளநிலை மாணவர் அனைவரும் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாகப் பயில்கின்றனர். பாடம் முடித்து அவர்கள் செல்லும் சிற்றுண்டிச்சாலையை நடத்துபவரின் ஒப்பந்தத்தில் அப்பாடத்தின் சாயல் உண்டா என்பது ஆய்வுக்குரியது.

குறைந்த விலை, கூடிய விலை

பொறுப்பான கொள்முதல் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் மறுப்பு ஒன்றே: விதி மிகக் குறைந்த விலையைத்தான் ஏற்கச் சொல்கிறது என்பது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் கொள்முதலை ஆள்வது தமிழ்நாடு ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டம், 1998. அச்சட்டத்தின் பத்தாம் பிரிவு மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்குமாறு கூறுவது உண்மை. ஆனால் அக்குறைவு, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் முன்கூட்டியே குறித்த, புறவயமாக அளக்கத்தக்க காரணிகளின் அடிப்படையில் கணிக்கப்படவேண்டும் என்பதே பிரிவின் பொருள். நீடித்து உழைக்கும் காலம், பழுதுபார்க்கும் வசதி, பயன்முடிந்த பின் திரும்பப் பெறும் உறுதி ஆகியவை அளக்கத்தக்கவையே. அவற்றை ஆவணத்தில் எழுதாமல் விட்டுவிட்டுச் சட்டத்தைக் குறைகூறுவது முறையாகாது. தணிக்கைத் தடை எழும் என்ற அச்சமே விதியினும் வலிமையாகச் செயல்படுகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பயன்முடிந்த பொருளை விற்கும்போது இதே தருக்கம் தலைகீழாக இயங்குகிறது. வாங்கும்போது குறைந்த விலை. கழிவு செய்து ஏலம்விடும்போது கூடிய விலை. மின்னணுக் கழிவில் இது இடர் தருவது. 2011 முதல் தொடர்ந்து திருத்தப்பட்டு 2022-இல் புதிதாக்கப்பட்ட மின்னணுக் கழிவு விதிகளின்படி, பெருநுகர்வோராகிய நிறுவனங்கள் பழைய கணினிகளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் போன்ற விதிவழிப்பட்ட வழிகளிலேயே ஒப்படைக்கவேண்டும். பழைய இரும்பு வணிகர் கூடுதல் தொகை கேட்டால் ஏலக்குழு யாருக்குத் தரும்? தொகையை மட்டும் நோக்கும் கோப்பு, சட்டத்துக்குப் புறம்பான வழியையே காட்டிவிடக்கூடும். துறைகளின் பின்புறத்தில் ஆண்டுக்கணக்கில் அடுக்கிக் கிடக்கும் முறிந்த நாற்காலிகளும் இயங்காத கணினிகளும் இவ்விரண்டு தருக்கங்களுக்கும் இடையில் சிக்கியவை.

தாள் குறித்துச் சற்று விரிவாகக் காணலாம். பல்கலைக்கழகத்தின் தலையாய நுகர்பொருள் அதுவே. விடைத்தாள், வினாத்தாள், சான்றிதழ், ஆய்வேட்டின் பல படிகள் என அது பெருகுகிறது. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்து 1995-இல் கரூர் மாவட்டத்தில் சேர்ந்த புகளூரில், 1979-இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984 முதல் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக்கொண்டு தாள் உற்பத்தி செய்துவருகிறது. சர்க்கரை ஆலைகள் எரிபொருளாகப் பயன்படுத்திய சக்கையைப் பெற்று, அதற்கு ஈடாக நீராவியோ எரிபொருளோ வழங்கும் ஏற்பாடு அந்நிறுவனத்தின் தனிச்சிறப்பு. கழிவுத்தாளின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் 2013 முதல் அங்கு உண்டு. மணப்பாறையை அடுத்த மொண்டிப்பட்டியில் 2016-இல் அதன் இரண்டாம் அலகு அட்டை உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுதோறும் பாதுகாப்புக் காலம் முடிந்த விடைத்தாள்களை எடைக்கு விற்கும் பல்கலைக்கழகத்துக்கும், அக்கழிவுத்தாளை மூலப்பொருளாக ஏற்கக்கூடிய அரசு ஆலைக்கும் இடையிலுள்ள தொலைவு சில மணிநேரப் பயணமே. விடைத்தாளை வாங்கும் ஒப்பந்தத்திலேயே பழைய தாளைத் திரும்பக் கொடுக்கும் பிரிவைச் சேர்க்க இயலும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. தேர்வுப் பிரிவும் பண்டகப் பிரிவும் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும்.

ஆய்வேட்டின் நிலை இன்னும் எளிது. மின்படி சோத்கங்கா தளத்தில் சேர்க்கப்பட்ட பின்னரும், ஒருபக்கம் மட்டும் அச்சிட்டு ரெக்சின் அட்டை கட்டிய படிகளைக் கேட்கும் வழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. இவ்வழக்கத்தை விடாமல் பேணுவோர் நாமே என்பதால் இதற்கு அரசாணையைக் குறைகூற வழியில்லை. கருத்தரங்கப் பை, நெகிழ் பதாகை, பொன்னாடை, நினைவுப்பரிசு ஆகியவையும் இவ்வகையின.

வளாகக் கழிவு நகரக் கழிவில் சிறு பகுதியே, அதன்மீது இத்துணைக் கவனம் ஏன் என்று கேட்கலாம். எடையளவில் அது நியாயமான வினா. ஆயினும் வீட்டுநுகர்வோருக்கு இல்லாத ஓர் ஆற்றல் நிறுவனத்துக்கு உண்டு: அது மொத்தமாக, எழுத்துப்பூர்வமாக, நிபந்தனையுடன் வாங்குகிறது. வாழை ஆராய்ச்சிக்கெனத் தேசிய மையம் 1993-இல் அமைந்த மாவட்டத்தில், விடுதி உணவக ஒப்பந்தத்தில் 'வாழையிலை அல்லது எவர்சில்வர் தட்டு மட்டும்' என்ற ஒரு வரி செய்யக்கூடியதை எந்த விழிப்புணர்வுப் பேரணியும் செய்ய இயலாது.

இருப்புப் பதிவேடு என்னும் ஆவணம்

இத்துறையில் வரலாற்றாய்வாளரின் பணி யாது? வளாகக் கழிவு ஆய்வுகள் சில நாள்கள் குப்பையை எடைபோட்டுப் பெற்ற எண்களை நம்புகின்றன. அவை ஒரு காலப்புள்ளியை மட்டுமே காட்டும். நாற்பது ஆண்டுக்கால மாற்றத்தைக் காட்டவல்ல சான்று வேறிடத்தில் உள்ளது. பண்டகப் பிரிவின் இருப்புப் பதிவேடுகள், விடுதி உணவகக் கணக்குகள், ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல்கள், கழிவு செய்த பொருள்களின் பட்டியல்கள் ஆகியவையே அவை. எவர்சில்வர் குவளையிலிருந்து காகிதக் குவளைக்கு ஒரு விடுதி எந்த ஆண்டு மாறியது, மைப்பேனாவும் மைப்புட்டியும் எப்போது பட்டியலிலிருந்து மறைந்தன, மரநாற்காலி ஞெகிழி நாற்காலியானபோது அதன் ஆயுள் எவ்வளவு குறைந்தது என்பவற்றை அவற்றிலிருந்து அறியலாம். அமுதுபடிக் கல்வெட்டை நாழி, உழக்கு, பங்கு எனப் பிரித்துப் படிக்கப் பயின்ற கல்வெட்டியலாளருக்கு இப்பதிவேடுகளைப் படிக்கும் முறை புதிதாக இராது.

இரண்டிலும் ஒரே மௌனம் நிலவுகிறது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பொருளின் வரவு பதிவாகிறது. அதை அகற்றியவரின் உழைப்பு பதிவாவதில்லை. இன்று வளாகத் தூய்மைப் பணி பெரும்பாலும் வெளிநிறுவன ஒப்பந்தத்தில் நடப்பதால், பணியாளரின் பெயர்கூட நிறுவனத்தின் ஆவணங்களில் இடம்பெறாமற் போகலாம். அவர்களிடம் வாய்மொழி வரலாறு திரட்டப்பட்டாலன்றி, எந்தத் துறையின் கூடையில் எப்போது என்ன விழத் தொடங்கியது என்பதை அறிந்தவர்களின் அறிவு அவர்களோடே போய்விடும்.

பதிவேடுகளுக்கும் காலக்கெடு உண்டு. பாதுகாப்புக் காலம் முடிந்த கணக்குப் புத்தகங்கள் பழைய விடைத்தாள்களோடு சேர்த்து எடைக்கு விற்கப்படுகின்றன. 1964-இலும் 1982-இலும் தொடங்கிய வளாகங்களின் முதற் பதிவேடுகளுள் எவை எஞ்சியுள்ளன என்பதைப் பட்டியலிடும் பணியை, அடுத்த கழிவுத்தாள் ஏலத்துக்கு முன்பாகவே தொடங்கவேண்டியுள்ளது.